'தலைவரே' என்று யாரைக் கும்பிடுகிறீர்கள்?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்த அம்மா வீட்டோடு இருக்கிறார். கணவர்தான் எல்லாம் பார்க்கிறார். குடிதண்ணீர், தெருவிளக்கு எதிலும் குறையில்லை. புது சிமெண்டு ரோட்டுக்கு வைத்த பிளெக்ஸில் அவர் படம் மட்டும் இருப்பதைச் சிலர் குறை சொல்கிறார்கள். வேலை நடந்தால் போதாதா?
- ஒரு வாசகர், செங்கோட்டை வட்டாரம்

பதில்: போதாது. ஊர் ஓட்டுப் போட்டது அந்த அம்மாவுக்கு. ரோடு போட்டது ஊராட்சிப் பணத்தில். காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை தலைவருக்கும் துணைத் தலைவருக்கும்தான். கணவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

நாளைக்குத் தணிக்கையில் ஒரு பில் இடித்தால் நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? ஊராட்சிகள் சட்டம் 205-வது பிரிவில் கலெக்டர் விளக்கம் கேட்பது தலைவரிடம். பதவி பறிபோவதும் அவருக்குத்தான். அடுப்படியில் நின்றவரிடம் 'இங்க ஒரு கையெழுத்துப் போடு' என்று நீட்டினார்களே, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குச் சொன்னவர் உண்டா? மாலையும் படமும் கணவருக்கு, வழக்கு வந்தால் மனைவிக்கு. இதைப் போய் 'பார்த்துக்கொள்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, படிக்கும்போதே கோபம் வருகிறது.

வீட்டோடு இருக்கிறாராம். வெளியே வர விட்டது யார்? பி.டி.ஓ. ஆபீஸ் போனைக் கணவர் எடுக்கிறார். டீக்கடையில் நீங்கள் 'தலைவரே' என்று கும்பிடுவதும் அவரைத்தான். இந்தப் பினாமித் தலைமையை ஒழிக்க வழி கேட்டு மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவே போட்டது. அந்த அளவுக்கு முற்றிப்போன நோய் இது.

புளியரை தாண்டினால் கேரளம். அங்கே 2010 உள்ளாட்சித் தேர்தலிலேயே பாதி இடம் பெண்களுக்கு. நமக்கு அந்தச் சட்டம் 2016-ல்தான் வந்தது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கெழுதி, கூட்டம் நடத்திப் பழகிய பெண்கள் பலர் அங்கே தேர்தலில் நின்று ஜெயித்தார்கள். நம் ஊர் மகளிர் குழுக்களில் மட்டும் என்ன, வட்டிக் கணக்கைப் பைசா பிசகாமல் சொல்லும் பெண்கள் இல்லையா? தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட விட்டால் போதும்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ரோட்டுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்லக் கணவர் எழுந்தால், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள மற்றவர்களோடு போய் உட்காரச் சொல்லுங்கள். அந்த அம்மா முதலில் தடுமாறலாம். யாரும் குறுக்கே பேசாமல் காத்திருங்கள், அவரே சொல்லட்டும்.