குடும்ப ஜெபம் நடத்தியும் பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை. தேவ அன்பையும் பிறர் அன்பையும் வீட்டில் எப்படிக் காட்டுவது?

தினமும் இரவில் குடும்ப ஜெபம் நடத்தியும் பிள்ளைகள் மனமில்லாமல்தான் உட்காருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்று எண்ணிக்கொண்டு பதில் சொல்கிறேன். ஜெபத்தில் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்பதை முதலில் கவனியுங்கள். "ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிதலைத் தாரும், போனைத் தொடாதபடி காத்துக்கொள்ளும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது பிள்ளையை, எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் உட்காரவைத்துத் திட்டுவது.

நான் வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஆளுக்கொரு வசனமாக ஒரு அதிகாரம் வாசித்து முடித்ததும் அப்பா ஜெபிப்பார். அதில் எங்கள் மார்க்கும் குறும்பும் வராது. கால் முறிந்து கிடக்கும் பனையேறி, பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் அக்கா என்று ஊரார் பெயர்கள்தான் வரும். பெயர் சொல்லி ஜெபித்தால் மறுநாள் அந்த வீட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சியோ குழம்போ போக வேண்டும் என்பது அம்மா வைத்த சட்டம். கொண்டுபோவது பிள்ளைகளாகிய நாங்கள். வாசலில் வைத்துவிட்டு ஓடி வரக் கூடாது, உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வர வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி, அப்பாவும் பெரியப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலத்தில், ஒரு நாள் அப்பா "அண்ணனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று ஜெபித்தார். ஆமென் சொன்னதும் அம்மா எங்கள் முன்னிலையிலேயே, "இது ஜெபமில்ல, பிராது. அவுகளுக்குச் சுகத்தைக் கேளுங்க, புத்திய ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார். மறுநாளிலிருந்து அப்பா, பெரியப்பாவின் இழுப்பு நோய்க்காக ஜெபித்தார். தூக்குவாளியும் போனது. முதல் தடவை பெரியம்மா அதை வாங்காமல் திருப்பி அனுப்ப, அம்மா மீண்டும் அனுப்பினார். தண்ணீர்த் தகராறு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு நாங்கள் விளையாடுவது ஒரு நாளும் நிற்கவில்லை. கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் கேட்பதை நான் அந்த வீட்டில்தான் புரிந்துகொண்டேன்.

உலை வைக்கும்போது அம்மா ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார். அது ஊழியத்துக்கான காணிக்கை. நாங்கள் பொன்னி அரிசி சாப்பிட்டால் பொன்னி, ரேஷன் அரிசி சாப்பிட்டால் ரேஷன்; மட்டமானதைக் காணிக்கைக்கு ஒதுக்கும் பேச்சே கிடையாது. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது, வெளிநாட்டுப் பணத்தை நம்பி அல்ல, நம் மக்கள் கொடுத்த காணிக்கையை நம்பித்தான். மிசோரம் பெண்கள் 1910இலேயே கைப்பிடி அரிசி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது, எங்கள் அடுப்படிக்கு அவ்வளவு தூரத்தில் உறவு இருந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.

வலது கை செய்வதை இடது கை அறியலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஊர் அறியத்தான் செய்யக் கூடாது. பெற்ற பிள்ளைகள் அறியாவிட்டால் அவர்கள் எங்கே கற்பார்கள்? ஜெபத்தைக் குறைத்துச் செயலை உயர்த்துகிறேன் என்றும் எண்ண வேண்டாம், ஜெபம் இல்லாமல் அந்தத் தூக்குவாளி எங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டதே இல்லை.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். திருச்சபைத் தேர்தல் வந்துவிட்டால், காலையில் நற்கருணை எடுத்தவர்களே மதியச் சாப்பாட்டில் எதிரணி மூப்பரைப் பிள்ளைகளின் காதுபட ஏசுகிறார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்த வசனங்களெல்லாம் அந்த ஒரு சாப்பாட்டில் அடிபட்டுப் போகின்றன.

இன்று இரவு, வகுப்பில் யாருக்காக ஜெபிக்கலாம் என்று மூத்த பிள்ளையிடம் கேளுங்கள். பெயர் சொன்னால், நாளை மதியச் சாப்பாட்டில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு சேர்த்துக் கட்டிக்கொடுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்தாமல் நீங்களே ஒரு பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் உறவினர் ஒருவருடைய பெயராக அது இருந்தால் இன்னும் நல்லது.