துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். என் மாமனார் கடந்த ஜூலையில், புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு முந்திய வாரம் காலமானார். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, பூசை முடிந்து வந்த கையோடு, தாம் கட்டிய மூங்கில் நட்சத்திரத்துக்குப் புதுத் தாள் ஒட்டி வாசலில் தொங்கவிடுவது அவர் வழக்கம். எட்டு வயது மகன், “தாத்தா இல்லன்னா ஸ்டாரும் இல்லையாம்மா?” என்று தினமும் கேட்கிறான். ஓராண்டு முடியும்வரை எந்தப் பண்டிகையும் கூடாது என்கிறார் மாமியார். நிபோங் திபாலில் இருக்கும் மாமனாரின் தம்பி குடும்பம் இந்துக்கள். அண்ணனுக்காக அவர்கள் இவ்வாண்டு தீபாவளியே கொண்டாடவில்லை, பலகாரம்கூடச் சுடவில்லை. “அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?” என்று மாமியார் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணவர் வாயே திறப்பதில்லை. போன வாரம் அலமாரி மேலிருந்த நட்சத்திரப் பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தவர், மறுபடியும் அங்கேயே வைத்துவிட்டார். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழுவினர் வேறு வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பேரங்காடிக்குப் போய் அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, நட்சத்திரம் கட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒருவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. அந்த ஒருவர் உங்கள் மாமியார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் திருச்சபை என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குக் கிறிஸ்துமஸ் கூடாது என்ற விதி எதுவும் கிடையாது. கிறிஸ்து பிறப்பு விழா கடன் திருநாள் ஆகையால், துக்கத்தில் இருப்பவரும் அன்று பூசைக்குப் போக வேண்டியவரே. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் மாமியாரிடம் வாதமாக எடுத்து வைக்காதீர்கள். உங்களைவிடப் பல ஆண்டுகள் அதிகமாகப் பூசை கண்டவர் அவர். இதெல்லாம் அவருக்குத் தெரியாதது இல்லை. அவரை வருத்துவது விதி இல்லை, நிபோங் திபாலில் இருட்டாகக் கிடந்த அந்தத் தீபாவளி.

அவருடைய நிலையில் இருந்து கொஞ்சம் பாருங்கள். திருமணத்தின்போதோ அதற்கு முன்போ அண்ணன் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராகிவிட்டார், தம்பி இந்துவாகவே இருந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இது புதிதில்லை. அண்ணன் வேறு மதம் போனவர், ஆகவே பங்காளித் துக்கம் எங்களுக்கு இல்லை என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் மத்தாப்பு எரிந்த இரவில், பேரப்பிள்ளைகளுக்குப் புதுச்சட்டையும் இல்லாமல், தம் வீட்டு வாசலை இருட்டாக வைத்திருந்தார். இரண்டு மாதம்கூடக் கழியாத நிலையில் அந்த அண்ணன் வீட்டு வாசலிலேயே விளக்கு எரிந்தால், அதற்கான பழி முதலில் வந்து விழுவது புருஷனை இழந்த உங்கள் மாமியாரின் தலையில்தான். “கட்டினவன் போயி ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள...” என்று தொடங்கும் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தை மகனைப் பார்த்தோ மருமகளைப் பார்த்தோ யாரும் சொல்வதில்லை. ஆகவே அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எண்ணாதீர்கள். தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அதனால் கேட்க வேண்டியவர் சித்தப்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து நிபோங் திபாலுக்குப் போய் வாருங்கள். தொலைபேசியில் கேட்கும் காரியம் இல்லை இது. வாட்ஸ்அப்பில் நிச்சயமாக இல்லை. மாமியாரும் உடன் வர வேண்டும்; அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், அவர் முதுகுக்குப் பின்னால் பேசி முடித்தது போலாகிவிடும். துக்கம் காக்கும் வீட்டுக்குத் துக்கம் காக்கும் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுபோக வேண்டாம், பழம் போதும். போனதும் பேச்சை எடுக்காமல், ஒரு வாய் தேநீர் குடித்து, மாமனாரைப் பற்றி நாலு வார்த்தை பேசிய பிறகு, உங்கள் கணவரே கேட்கட்டும்: “சித்தப்பா, எங்க அப்பாவுக்காக நீங்க தீபாவளி கொண்டாடல. அத நாங்க மறக்கல. அப்பா கட்டுற ஸ்டார இந்த வருஷம் என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.” நீங்கள் கேட்டால் அது மருமகளின் ஆசையாகவும், மாமியார் கேட்டால் அனுமதி வேண்டுவதாகவும் போய்விடும். இறந்தவரின் மகன், இறந்தவரின் தம்பியிடம் யோசனை கேட்பதில் ஒருவருக்கும் குறைவில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். சொன்னால், முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் கொடுத்தது பெரியது, ஓராண்டு வாசல் விளக்கு அதற்கு ஈடாகாது. ஆனால் இத்தகைய மனிதர்களை ஓரளவு அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், “பிள்ளைக்காகக் கட்டுங்கய்யா” என்று அவர் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அப்படிச் சொன்னால், நட்சத்திரத்தை ஏற்ற அவரையே வீட்டுக்கு அழையுங்கள். அண்ணன் கட்டிய நட்சத்திரத்தைத் தம்பி வந்து ஏற்றிய பிறகு, உங்கள் தாமான் குடியிருப்பில் யார் வாய் திறப்பார்கள்?

எப்போது ஏற்றுவது என்பதிலும் ஒரு வழி இருக்கிறது. நவம்பரிலேயே கர்னி பிளாசாவிலும் மற்றப் பேரங்காடிகளிலும் மரம் நிறுத்திப் பாட்டுப் போட்டுவிடுவதால், கிறிஸ்துமஸ் அப்போதே தொடங்கிவிட்டது என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. வழிபாட்டு நாட்காட்டியின்படி விழா தொடங்குவது டிசம்பர் 24ஆம் தேதி மாலையில்தான். அதற்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம், அதிகம் போனால் 28 நாள், குறைந்தால் 22 நாள், காத்திருப்பதற்கென்றே வைக்கப்பட்டது. அந்நாட்களில் குருவானவர் உடுத்துவது ஊதா நிறம். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பு. ஞாயிறு பூசையில் ‘உன்னதங்களிலே’ என்னும் வானவர் கீதம் பாடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைக் கிறிஸ்துமஸ் இரவு வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆக, உங்கள் வீடு இந்த வாரங்களில் அடங்கிக் கிடப்பதில் பிசகு ஒன்றுமில்லை. கோவிலும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நான்கு மெழுகுவத்திகளை வைத்து, ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றி, மாமனாரின் ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். அதைக் கொண்டாட்டம் என்று உங்கள் மாமியாராலும் சொல்ல முடியாது. மகனுக்கும் கையில் ஒரு வேலை கிடைக்கும். வாசல் நட்சத்திரத்தை 24ஆம் தேதி மாலை ஏற்றி, ஜனவரியில், ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைக்கும் திருக்காட்சித் திருநாள் வரை வைத்திருக்கலாம்.

இடையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. பினாங்கு சாலையில் உள்ள எங்கள் புனித சவேரியார் ஆலயத்தின் திருநாள் டிசம்பர் 3. அது அவர் பிறந்த நாள் இல்லை. 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் உயிர்விட்ட நாள். இறந்த நாளைப் பார்த்துத் திருநாள் வைக்கிற வழக்கத்தில் வளர்ந்த நாம், சாவு வீட்டில் விளக்கு ஏற்றலாமா என்று இத்தனை யோசிக்கிறோமே என்று சில சமயம் எனக்குத் தோன்றும். இதையும் மாமியாரிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்காகச் சொன்னேன்.

கேரல் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களை வரச் சொல்லுங்கள். இதை நான் சற்று அழுத்தியே சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தந்தை இறந்த ஆண்டு ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கேரல் வரும் இரவில் முன்விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். கிதார் சத்தம் தெருமுனையில் கேட்டது, கிட்டே வந்தது, எங்கள் கேட்டருகே நின்றுவிட்டது. யாரோ தணிந்த குரலில் ஏதோ சொன்னார்கள். அப்புறம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வீடு தள்ளித்தான் மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு மரியாதை செய்வதாகத்தான் அவர்கள் அப்படிப் போனார்கள். மறுநாள் காலை சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமலே, “நேத்து கடேசியா என்ன பாட்டுப் பாடுனாங்க?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

எனவே குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். டோலக்கும் தம்பூரினும் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் ஆட வேண்டாம், அமைதியான பாட்டு ஒன்று பாடி, இறந்தவருக்காகச் செபித்துவிட்டுப் போகட்டும். ஆலயப் பங்கில் ஆண்டுதோறும் துக்க வீடுகள் இருக்கத்தானே செய்கின்றன. அவர்களுக்கு இது பழக்கமான வேண்டுகோளாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தால் போதும். மாமியார் அறையைவிட்டு வெளியே வராவிட்டால் கூப்பிடாதீர்கள். கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

இனி உங்கள் கணவர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அவர் பெட்டியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிய வரிதான். பேசாத மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்திருக்கும் என்பதை நான் ஊகிக்க முடியும், எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஐந்தைந்து மூங்கில் குச்சிகளால் பின்னிய இரண்டு நட்சத்திரச் சட்டங்கள், முனைகளைச் சேர்த்துக் கட்டிய நூல், நடுவயிறு உப்பி நிற்பதற்காக உள்ளே கொடுத்திருக்கும் ஐந்து குட்டைக் குச்சிகள், அவற்றின் மேல் போன வருடம் அவர் ஒட்டிய கண்ணாடித் தாள், இப்போது மொடமொடத்து, தொட்டால் கிழியும் பதத்தில். பழைய தாளைக் கிழிக்காமல் புதுத் தாள் ஒட்ட முடியாது. அப்பா கையால் ஒட்டிய தாளை எந்த மகன் சுலபமாகக் கிழிப்பான்? அவர் பெட்டியை மூடி மேலே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பழைய தாளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி முழுசாக உரித்தெடுத்து, ஒரு துண்டை மாமனாரின் செபப் புத்தகத்துக்குள் வையுங்கள். இவ்வாண்டு சிவப்பும் பச்சையும் வேண்டாம், பட்டம் கட்டும் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். வெள்ளை நம் தமிழ் வழக்கத்தில் துக்கத்தின் நிறம். கிறிஸ்துமஸ் பூசையில் குருவானவர் உடுத்துவதும் வெள்ளைதான். தெருவில் போகிறவர் பார்த்தாலே இது துக்க வீட்டு நட்சத்திரம் என்று தெரிந்துவிடும். சித்தப்பாவுக்கும் அதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். மினுக்கி மினுக்கி எரியும் விளக்குச் சரங்கள் வேண்டாம், உள்ளே ஒரே ஒரு பல்பு. தாள் ஒட்டும் வேலையைக் கணவரும் மகனும் செய்யட்டும். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர் அழுதால் மகன் பார்க்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

பேரங்காடியில் அழுகை வருகிறது என்றால், இந்த மாதம் பேரங்காடிக்குப் போகாதீர்கள். அரிசியும் பருப்பும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். வேறு யோசனை இதற்கு என்னிடம் இல்லை.

பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு இவ்வாண்டு வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. கேக்கும் அச்சு முறுக்கும் உங்கள் வீட்டில் சுடவும் வேண்டாம். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவதை வாங்கி வையுங்கள். சீன அண்டை வீட்டாரும் மலாய் அண்டை வீட்டாரும் நம் வழக்கம் தெரியாமல் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று சொல்லிக்கொண்டு வந்தால் விளக்கம் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்தாமல், சிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற பலகாரத்தில் ஒரு பங்கை நிபோங் திபாலுக்குக் கொடுத்தனுப்பலாமா என்பதை மட்டும் மாமியாரிடம் விட்டுவிடுங்கள். அந்த முறையெல்லாம் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

24ஆம் தேதி மாலை மழை வந்தாலும் வரும். நட்சத்திரத்தைக் கூரைக்கு உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள், கண்ணாடித் தாள் அளவுக்கு வெள்ளைத் தாள் ஈரம் தாங்காது. ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், சித்தப்பாவுக்கும் வயதாகிவிட்டது. பல்பும் ஒயரும் ஓராண்டாகப் பெட்டியில் கிடந்தவை. மேலே ஏற்றுவதற்கு முன்பு, தரையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.