‘எழுதியவரே பொறுப்பு’ என்று போட்டால் தப்பிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கென்று சின்னதாக ஒரு செய்தி இணையதளம் நடத்துகிறேன். ஏலச்சீட்டில் பணம் கட்டிக் காத்திருக்கும் ஒருவர் எழுதி அனுப்பியதை, ‘ஏழைகள் வயிற்றில் அடித்த சீட்டு மோசடிக்காரர்’ என்று தலைப்பு வைத்துப் போட்டேன். கீழே ‘கருத்துகளுக்கு எழுதியவரே பொறுப்பு’ என்றும் போட்டிருக்கிறேன். இப்போது 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஃபேஸ்புக்குக்கு இல்லாத பொறுப்பு எனக்கு மட்டும் எப்படி வரும்?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: அந்த ஒற்றை வரியை நம்பாதீர்கள். கறுப்புக் கோட்டு மாட்டுவதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். ஒருநாள் ஒரு கைதுச் செய்தியில் துணைக்கால் விழாமல், ‘கோ.’ என்ற இனிஷியல் ‘கே.’ ஆகிவிட்டது. அதே தெருவில், அதே பெயரில் ‘கே.’ ஒருவர் நிஜமாகவே இருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர். ஆசிரியர் அவர் வீட்டுத் திண்ணை வரை போய் மன்னிப்புக் கேட்டு, முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் விவகாரம் அடங்கியது. செய்தி அனுப்பிய நிருபர்தான் பொறுப்பு என்று அவரிடம் சொல்லியிருந்தால் செருப்பு வந்திருக்கும்.

ஃபேஸ்புக்கைக் காப்பாற்றுவது 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. அடுத்தவர் போடுவதைத் தேர்ந்தெடுக்காமல், திருத்தாமல், இடம் மட்டும் கொடுப்பவருக்கான குடை அது. கோர்ட்டோ அரசோ முறைப்படி உத்தரவிட்ட பிறகும் நீக்காமல் இருந்தால்தான் அந்தக் குடை பறிபோகும் என்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்களோ கடிதத்தைப் படித்தீர்கள், போடலாம் என்று முடிவெடுத்தீர்கள், தலைப்பும் வைத்தீர்கள். அது ஆசிரியர் வேலை.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். ‘7 மாதமாகச் சீட்டுப் பணம் வரவில்லை’ என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். ரசீதும் இருக்கிறது, நிரூபித்துவிடலாம். ‘மோசடிக்காரர்’ அவர் சொல்லே இல்லை, உங்களுடையது. மோசடி என்றால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டியாக வேண்டும். பணம் எங்கோ முடங்கிப்போய்த் தர முடியாமலும் இருக்கலாம் அல்லவா?

சிவில் அவதூறு வழக்கில், எழுதியது உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினலில் போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி, உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெறும் சமூக சேவையோடும் விடலாம். இதில் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது, பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். ‘ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன்’ என்று யாராவது மிரட்டினால் நடுங்க வேண்டாம்.

இன்றைக்கே தலைப்பை மாற்றி, மாற்றிய தேதியையும் போடுங்கள். அதற்கு முன் பழைய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரிடமிருந்து ரசீது நகல்களை வாங்கிக்கொண்டு, நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். சீட்டுக்காரரின் விளக்கத்தையும் கேட்டுப் போடுங்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்!

நஷ்டஈட்டு வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. இணையத்திலும் முதலில் ஏற்றிய நாளே கணக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. புதிதாக மறுபடி வெளியிட்டால் கெடுவும் புதிதாகத் தொடங்கலாம். ஆகவே அடுத்த வருடம் ‘மீள்பதிவு’ என்று இதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.