வாசகர் கேள்வி: பரணில் கிடந்த கேசட் கேம்

கேள்வி: பரணில் பழைய 60 பின் கேசட் வீடியோ கேம், துப்பாக்கியோடு கிடைத்தது. கேசட் போட்டால் திரையில் வெறும் கோடுகள். துப்பாக்கி எல்இடி டிவியில் சுடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில், கேசட்டுக்குள் வாயால் ஊதுவதை விடுங்கள். உங்கள் ஊர்ப் பனிமூட்டமே போதும். எச்சில் ஈரமும் சேர்ந்தால் பின்கள் சீக்கிரம் கறுக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பக்கத்துக்கு 30 பின்களையும் நீளவாக்கில் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகாமல் வரும்வரை குச்சியை மாற்றுங்கள். பத்து நிமிடம் உலரட்டும். அடுப்புப் பக்கம் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். உப்புத்தாள் கூடவே கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும்.

அடாப்டரைக் கண்ணை மூடிக்கொண்டு செருகாதீர்கள். இந்த 60 பின் கேம்களுக்கு மூலமான, 1983-இல் வந்த நிண்டெண்டோவின் அசல் ஃபேமிகாம் பெட்டிக்கு 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். நகல் பெட்டிகளில் இது மாறும்; அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

துப்பாக்கி பெரும்பாலும் கெட்டிருக்காது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடிக்கிறது. பிக்சர் டியூப் டிவியில் நொடிக்குச் சுமார் 15,000 கோடுகள் ஓடும் துடிப்புக்கே அது பழகியது. எல்இடியில் அந்தத் துடிப்பு இல்லை, படமும் தாமதமாக வரும். பழைய டப்பா டிவி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

வைப்பதற்குக் காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நீல மணிகள் வெளிறிச் சிவந்தால் மாற்றுங்கள்.