கதவைத் தட்டிப் பாருங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒஹையோவில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். பிப்ரவரியில் என் வேலை போயிற்று. வீட்டுத் தவணை தலைக்கு மேல் நிற்கிறது. கடன் கட்ட முடியாமல் ஃபோர்க்ளோஷருக்குப் போகும், அதாவது வங்கி பறிமுதல் செய்யப்போகும் வீடுகளைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பழகிவிட்டால் பூட்டு மாற்றுவது, புல் வெட்டுவது, வீட்டைக் காலி செய்வது என்று பராமரிப்பு வேலைகளும் கிடைக்குமாம். "அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் வேலை நமக்கு வேண்டாம்" என்கிறாள் மனைவி. நீங்கள் கிளீவ்லாந்தில் இந்த வேலை செய்ததாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதில் வருமானம் உண்டா? அவள் சொல்வது சரிதானா?

ச., கொலம்பஸ்

அன்புள்ள ச.,

வருமானத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் மனைவி கேட்டதுதான் முக்கியமான கேள்வி.

நான் 2009, 2010 இரண்டு வருடமும் இந்த வேலையில் இருந்தேன். பெரும்பாலும் ஸ்லாவிக் வில்லேஜ் பக்கம். நாட்டிலேயே ஃபோர்க்ளோஷர் மிக அதிகமாகத் தாக்கிய பகுதிகளில் அது ஒன்று. தெருவுக்கு நாலைந்து வீடு காலியாகக் கிடக்கும். ஆளில்லாத வீடு அங்கே ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காது. குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயை வெடிக்கவைக்கும். வெயில் வந்ததும் மேல்மாடியிலிருந்து அடித்தளம் வரை தண்ணீர் இறங்கும், பின்னாலேயே பூஞ்சை வரும். அதற்குள் செப்புக் குழாய்களை எவனாவது அறுத்துக்கொண்டு போயிருப்பான். பக்கத்து வீட்டில் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் வீட்டு மதிப்பும் சேர்ந்து சரியும். அக்டோபரில் போய் மெயின் வால்வை மூடி, வெந்நீர்த் தொட்டியை வடித்து, கம்ப்ரஸரால் குழாய்களில் காற்றடித்து, கழிப்பறையிலும் சிங்க்கிலும் குளிரில் உறையாத இளஞ்சிவப்புத் திரவமான ஆன்ட்டிஃப்ரீஸை ஊற்றிவிட்டு வருவதற்கு வின்டரைசேஷன் என்று பெயர். அது வீட்டுக்கும் தெருவுக்கும் செய்யும் நன்மை. அதில் யாருடைய வயிற்றெரிச்சலும் இல்லை.

வயிற்றெரிச்சல் இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில். தவணை நின்றதும் மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்கு வங்கித் தரப்பில் ஓர் ஆளை அனுப்புவார்கள். அவன் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: ஆள் இருக்கிறதா, காலியா? காலி என்று அவன் டிக் செய்தால் அடுத்த ஆள் பூட்டை மாற்ற வருவான்.

2010 ஜனவரியில் ஒரு வீடு. வீட்டு முன் கார் நிறுத்தும் பாதையில் பனி மிதிபடாமல் கிடந்தது, டயர் தடம் இல்லை, தபால் பெட்டி வழிந்தது. அன்றைக்கு என் பட்டியலில் 38 வீடுகள். காரிலிருந்தே படம் எடுத்து, காலி என்று போட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுமாதம் அதே வீடு மீண்டும் என் பட்டியலில் வந்தது. கதவைத் திறந்தவர் லாரி டிரைவர், நெடுந்தூர ஓட்டம் போய் வாரக்கணக்கில் கழித்து வீடு திரும்பியவர். அவர் சாவி சேரவில்லை. நடு இரவில், தன் வீட்டுக்குள் தானே பின் ஜன்னல் வழியாக ஏறி நுழைந்திருக்கிறார். உள்ளே தண்ணீர் இல்லை, கழிப்பறையில் இளஞ்சிவப்புத் திரவம். அவர் கத்தவில்லை. "போன மாதம் வந்தது நீதானா? கதவைத் தட்டினாயா?" என்று மட்டும் கேட்டார். நான் தட்டவில்லை.

இப்படி நடந்தது என் ஒருவனால் மட்டுமல்ல. ஆள் குடியிருக்கும்போதே உள்ளே புகுந்ததாக இல்லினாய் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் இத்துறையின் பெரிய நிறுவனம் ஒன்றின் மேல் 2013-ல் வழக்குப் போட்டார். 2015-ல் அது 10 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஃபோர்க்ளோஷர் முடியும் முன்பே கடன் கொடுத்தவர் பூட்டை மாற்றுவது தங்கள் மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று 2016-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கு இருப்பவர்களுக்கோ, வீடு கைமாறினாலும் 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேலை கொடுப்பவர் சொல்லித்தரமாட்டார்.

பணம் குறைவு. வங்கி ஒரு தேசிய நிறுவனத்திடம் கொடுக்கும், அது வட்டார நிறுவனத்திடம், அது உங்களிடம். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் எனக்கு ஒரு வீட்டைப் பார்க்க வந்தது 6 டாலர். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் அதற்குள். நீங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். புல் வெட்டியதற்கு முன், இடை, பின் என மூன்று கட்டப் படங்களில் ஒன்று விடுபட்டாலும் காசு வராது. கொடுத்த காசையே மாதங்கள் கழித்துத் திரும்பப் பிடிப்பதும் உண்டு, அதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். ட்ராஷ் அவுட், அதாவது வீட்டைக் காலி செய்வதில்தான் கொஞ்சம் காசு பார்க்கலாம், கன கஜக் கணக்கு. ஆனால் ஃபிரிட்ஜை மட்டும் திறக்காதீர்கள். டேப் சுற்றி அப்படியே தூக்குங்கள். ஆல்பம், மருந்து, ராணுவச் சான்றிதழ் கிடைத்தால் குப்பையில் போடாமல் தனியாக எடுத்துவைத்துப் பட்டியல் போட்டு எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குக் காசு தரமாட்டார்கள், பரவாயில்லை.

இந்த வேலையில் சேர்வதாக இருந்தால் காரை விட்டு இறங்கி நடங்கள். கதவைத் தட்டுங்கள். மின் மீட்டரைப் பாருங்கள், குப்பைத் தொட்டியைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் "இங்கே ஆள் இருக்கிறதா" என்று மட்டும் கேளுங்கள். கடன், வங்கி என்ற சொல் வாயில் வரக்கூடாது, அது அந்தக் குடும்பத்தின் மானம். சந்தேகமிருந்தால் 'தெரியவில்லை' என்று போடுங்கள். அலுவலகத்திலிருந்து போன் போட்டுத் திட்டுவார்கள். அந்த லாரி டிரைவருக்குப் பிறகு நானும் நிறையத் திட்டு வாங்கினேன்.

முதலில் உங்கள் வங்கியைக் கூப்பிட்டுத் தவணையைப் பற்றிப் பேசுங்கள். தாமதிக்காதீர்கள், இந்த வாரமே. ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்புங்கள். சார்ஜ்பேக் பகுதியைச் சேர்ந்து படிப்போம், உங்கள் மனைவியும் உடன் இருக்கட்டும்.