மாத்திரைக் குப்பிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள சகோதரி, முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுதித் தரப்பட்ட ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகித் தங்கள் கணவர் 2017-இல் இறந்ததையும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு மருந்து நிறுவனங்களிடமிருந்து வரும் இழப்பீட்டில் தங்களுக்குப் பங்குண்டா என்று கேட்டிருப்பதையும் படித்து மனம் கனத்தது.

மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2021-இல் ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 2,600 கோடி டாலர், இத்தகைய வலிநிவாரணிகளால் பரவிய போதைப்பழக்கம் தொடர்பாக மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தொடுத்த வழக்குகளுக்கானது. அது பெரும்பாலும் சிகிச்சைக்கும் தடுப்புப் பணிக்கும் செல்கிறதே தவிர, குடும்பங்களின் கைக்கு வருவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தங்களுக்குரிய வழி வேறு. ஆக்ஸிகான்டினைத் தயாரித்த பர்டியூ பார்மா 2019 செப்டம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தினர், தாமே திவாலாகாமல், பாதிக்கப்பட்டோரின் சம்மதமின்றி வழக்குகளிலிருந்து விடுபட முயன்றதை 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தடுத்தது. அதன் பிறகே சாக்லர் குடும்பமும் பர்டியூவும் தர ஒப்புக்கொண்ட தொகை சுமார் 740 கோடி டாலராக உயர்ந்தது. இதில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கை தாக்கல் செய்யும் கெடு 2020 ஜூலை 30-உடன் முடிந்துவிட்டது. தங்கள் கணவர் குடும்பத்தில் யாரேனும் அப்போது படிவம் அனுப்பினார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

அனுப்பியிருந்தால் மருந்துச்சீட்டுச் சான்றுதான் உயிர்நாடி. ஆரஞ்சு நிறக் குப்பியின் மேல் ஒட்டிய தாளில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், தேதி, மருந்துச்சீட்டு எண் எல்லாம் இருக்கும், படமெடுத்து வையுங்கள். மருந்துக்கடைகள் பழைய பதிவுகளை என்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதால், இந்த வாரமே எழுத்துமூலம் கேளுங்கள். அனுப்பவில்லையென்றாலும், ஒஹாயோவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் கைவிட வேண்டாம்.