ஒவ்வொரு பண்ணையும் சின்னதுதானாம்

அன்புள்ள ஐயா,

தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் மூன்று இறால் பண்ணைகள். ஊருணித் தண்ணீர் உவர்த்துவிட்டது. இப்போது நாலாவதுக்குக் கரை போடுகிறார்கள். மனு கொடுத்தால், 'ஒவ்வொரு பண்ணையும் சின்னதுதான், விதிப்படிதான் இருக்கிறது' என்கிறார்கள். சூழல் நீதி என்று எழுதுகிறீர்களே, அதனால் எங்களுக்கு என்ன பயன்?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதிலில்தான் அநியாயமே இருக்கிறது. பண்ணையைத் தனித்தனியாக அளக்கிறார்கள். ஊருணி ஒன்றுதானே? மண் குளத்தில் மூன்று நான்கு மாதம் உப்புநீர் நிற்கிறது, கசிகிறது. அறுவடை முடிந்ததும் தீவன எச்சத்தோடு ஓடையில் திறந்துவிடுகிறார்கள். கடலோர இறால், மீன் வளர்ப்புக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகள், கழிவுநீர் சுத்திகரிப்பை 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குத்தான் கட்டாயமாக்கின. அப்படியானால் பக்கத்துப் பக்கத்தில் நாலு நாலு ஹெக்டேராகப் பத்துப் பண்ணை இருந்தால்? காகிதத்தில் எல்லாமே சின்னதுதான். குடிக்கிறவர்களுக்கு அது 40 ஹெக்டேர்.

சூழல் நீதி என்று நான் சொல்வது இந்தக் கூட்டல் கணக்கைத்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2020இல் ஒரு சட்டம் வந்தது. ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் பகுதியில் புதிய எரிஉலையோ மின்நிலையமோ வருகிறதென்றால், அங்கே ஏற்கெனவே இருக்கும் மாசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; சுமை மற்ற இடங்களைவிட மிஞ்சினால், பொதுநலத்துக்கு மிக அவசியம் என்று காட்டினால் தவிர அனுமதி கிடையாது. நம் கடற்கரைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விளைநிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குளமாக்கக் கூடாது என்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசுபடுத்தியவர் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. அதனால் நாலாவது பண்ணையின் சர்வே எண்ணை வைத்து, அது விளைநிலமா, ஊர்ப் பொது நிலமா என்று முதலில் பாருங்கள். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும் நெறி உண்டு. டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், ஊருணித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்திலும் 2000தான் எல்லை. அந்தத் தாளோடு, நாலு பண்ணையையும் ஒரே வரைபடத்தில் குறித்து, ஒரே மனுவாக ஆட்சியரிடம் கொடுங்கள். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீருக்கு அலைகிற பெண்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

சோதனைத் தாள் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.